தம்பிக்கு, சீனம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். குரல் பதிவு அனுப்பினால் நீ பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய் என்று உன் மனைவி சொன்னாள், அதனால் எழுதியே அனுப்புகிறேன், இதையாவது கடைசி வரைக்கும் படி. பெரியவளுக்குச் சீனம் கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம், சாயங்காலம் போபோவோடு, அதாவது உன் மாமியாரான சீனப் பாட்டியோடு, இருக்கிற நேரத்தில் ஆங்கிலத் துணைப்பாட வகுப்பில் போட்டுவிடலாம் என்று சொன்னாயாமே. ராட்டர்டாமிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும், உன்மேல் தப்பில்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரில் வாரத்தில் பாதி நாள் உன் வீட்டில் கிடக்கிறவள் நான். நடப்பதைச் சொல்கிறேன், அப்புறம் நீயும் உன் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள்.

பெரியவள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும்போது வாயில் ஆங்கிலம்தான். மின்தூக்கியில் ஏறி மாடிக்கு வரும் வரை அன்றைய வகுப்புக் கதை முழுக்க ஆங்கிலத்திலேயே ஓடும். கதவைத் திறந்து போபோ முகத்தைப் பார்த்ததும் சீனத்துக்கு மாறிவிடுவாள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, என்னோடு மணிக்கணக்கில் அதில்தானே பேசுகிறார். பேத்திகள் பேசினால் மட்டும் காது கேட்காது! சீனத்தில் கேட்டால்தான் பழம் நறுக்கித் தருவார். இரண்டு பேரும் சண்டை போடுவது ஆங்கிலத்தில், சண்டை முற்றிப் போபோவிடம் போனால் வழக்கு சீனத்தில்தான் நடக்கும். சின்னவள் பிறந்ததிலிருந்து அவர் மடியிலேயே வளர்ந்தவள் இல்லையா, அக்கா சரியான சொல்லைத் தேடி முடிப்பதற்குள் இவள் கண்ணீரோடு கதையைச் சொல்லி முடித்து ஜெயித்துவிடுகிறாள். தப்பு யார்மேல் என்பதெல்லாம் அப்புறம்தான்.

சின்னவள் எண்ணுவதை நீ கேட்க வேண்டும். சீனத்தில் பதினொன்று என்றால் பத்து ஒன்று, பன்னிரண்டு என்றால் பத்து இரண்டு, அப்படியே போகும், அதனால் தொண்ணூற்றொன்பது வரை மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஆங்கிலத்தில் பத்தைத் தாண்டியதும் இலவன், டுவெல்வ் என்று புதுப் பெயர்கள் வருகிறதா, அங்கே தடுமாறி நேராக இருபதுக்குக் குதிக்கிறாள். போபோ ஒரே கையால் பத்து வரை காட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆறு என்றால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டுவது. பாலர் பள்ளியில் ஆசிரியை எத்தனை பொம்மை என்று கேட்டதற்கு இவள் அதைக் காட்ட, போன் பேசி விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாராம் அவர்.

பெரியவள் கதை வேறு. பேச்சில் குறை ஒன்றும் இல்லை, சின்னச் சின்னப் பிழைகள்தான். சீனத்தில் பொருளை எண்ணும்போது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சொல் போட வேண்டும், மேசை காகிதம் மாதிரித் தட்டையானவற்றுக்கு ஜாங், மீனுக்குத் தியாவ், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இவள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கே' போட்டு ஒப்பேற்றுகிறாள். போபோ திட்டுவதில்லை, 'மூன்று தியாவ் மீன்' என்று தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மீனைச் செதிள் எடுக்கப் போய்விடுவார்.

கஷ்டம் படிப்பதில்தான். ஆங்கிலமோ தமிழோ எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் புரிகிறதோ இல்லையோ வாசித்துவிடலாம், நீயும் கடைப் பெயர்ப்பலகைகளை அப்படித்தானே படித்துக்கொண்டு வருவாய். சீன எழுத்தில் அந்த வழி இல்லை, முன்பின் பார்க்காத எழுத்து எதிரே வந்தால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அந்த எழுத்தின் ஏதோ ஒரு பாதி ஏற்கெனவே தெரிந்த எழுத்தாக இருந்தால் உச்சரிப்பை ஊகிக்கலாம், அதுவும் பாதி நேரம் பொய்த்துவிடும். தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் பின்யின், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை, சொல்லிக்கொடுத்தார்கள், அது மேலே அச்சிட்டிருக்கும் பாடத்தைக் கடகடவென்று படிப்பாள், அதை எடுத்துவிட்டால் திணறுகிறாள். அதே வயதில் ஆங்கிலப் புத்தகம் தானாகத் திறந்துகொண்டுவிட்டது, நூலகத்திலிருந்து எடுத்து வந்த அன்றே முடித்துவிடுகிறாள். பிடித்த கதையெல்லாம் ஒரு மொழியில் இருக்க, இன்னொரு மொழியில் டிங்ஷியே என்கிற சொல்வதெழுதல் தேர்வுக்குக் கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தைப் பத்துத் தடவை எழுதும் வேலை மட்டும் இருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? அழுகிறாள் என்றால் அதற்குத்தான் அழுகிறாள். அவளுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கதையை வாசித்துக்காட்ட ஓர் ஆள். அந்த ஆள் வீட்டிலேயே சம்பளமில்லாமல் இருக்கிறார், நீ அந்த நேரத்தைத்தான் எடுத்து ஆங்கிலத்துக்குக் கொடுக்கப் பார்க்கிறாய்.

ஆங்கிலம் எங்கேயும் போகாது, தம்பி. பள்ளியில் கணக்கும் அறிவியலும் அதில்தான், விளையாட்டுத் திடலில் அதுதான், நீங்கள் இருவரும் ராத்திரி பேசிக்கொள்வதும் அதுதான். சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. பிள்ளைகள் படிக்கிற சீனமான மாண்டரின் 35.6இலிருந்து 29.9க்கு இறங்கிவிட்டது. நமது பத்திரிகையில் தமிழ் எவ்வளவு இறங்கியது என்று படிக்கப் போய்த்தான் இதையும் பார்த்தேன்.

சம்பந்தியம்மாவின் சொந்த மொழி மாண்டரின் இல்லை, இன்னொரு சீன மொழியான ஹொக்கியன். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் வந்தபோது பிள்ளைகளின் படிப்புக்கு அதுதான் நல்லது என்று அரசாங்கம் சொல்ல, பிற்பாடு உன் மனைவி பிறந்ததும் மாண்டரினிலேயே வளர்த்தாராம். இன்றைக்கும் தன் அக்காவோடு போனில் ஹொக்கியனில்தான் சிரிக்கிறார், மகளுக்கு அது பாதிதான் புரிகிறது, பேத்திகளுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரு மொழியை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டவரிடம் போய், பிள்ளையைச் சாயங்காலம் வகுப்புக்கு அனுப்பப் போகிறோம் என்று யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன்.

தமிழைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழிப் பாடமாகச் சீனத்தை எடுத்தீர்கள். உன் பெரியப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது. தினமும் வீட்டில் பேச ஆள் இருக்கிற மொழியைத்தான் பிள்ளை படிக்க முடியும், நீயே என்னிடம் தமிழில் ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறவன். நான் போகிற நாட்களில் அவர்களோடு தமிழில்தான் பேசுகிறேன். பாட்டி, தோசை, போதும், இன்னும் வேணும் எல்லாம் வந்துவிட்டது, சின்னவள் 'போ பாட்டி' என்று கூடச் சொல்கிறாள். அதற்குப் பரீட்சை இல்லை என்பதால் இரண்டு பேருக்கும் அது விளையாட்டுத்தான்.

சரி, நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. உன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ கூப்பிடுவது இங்கே போபோ புத்தகம் எடுக்கிற நேரம். உன் முகம் திரையில் தெரிந்ததும் இரண்டும் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுகின்றன, அப்புறம் திரும்பி உட்காருவதில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிடு. கூப்பிட்டு, பள்ளி எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்பதற்குப் பதிலாக, அன்றைக்குப் படித்த பக்கத்தை உனக்குச் சொல்லித்தரச் சொல். தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சியில், கூட்டாளிகளிடம் நீ கற்றுக்கொண்ட சீனத்தைப் பிள்ளைகள் முன்னால் பேச முடியாது, அதனால் புதிதாகவே ஆரம்பி. சீனத்தில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும், உன் தொனி கட்டாயம் தப்பும். அப்பாவைத் திருத்துவது என்றால் பெரியவளுக்கு அவ்வளவு குஷி, அதற்காகவே முன்கூட்டிப் படித்து வைப்பாள் என்று நினைக்கிறேன்.

துணைப்பாட வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பார். குளிர் சட்டை இரண்டு பேருக்கும் ஓர் அளவு பெரிதாகவே வாங்கு, போன தடவை வாங்கி வந்தது சின்னவளுக்கே சேரவில்லை. டிங்ஷியே வெள்ளிக்கிழமை, வியாழன் ராத்திரி மறக்காமல் கூப்பிடு.

அம்மா