கொசெத்தின் வாளியும் உங்கள் ஞாயிறு மலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் உலக இலக்கியத்துக் குழந்தைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். துன்பத்தைப் பொறுமையாகத் தாங்கும் குழந்தைக்குக் கடைசியில் நல்ல காலம் பிறக்கும், பழைய பெரிய நாவல்கள் எல்லாம் சொல்வது இதைத்தான் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். சாட்சிக்கு விக்தர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ள்’ நாவலில் வரும் கொசெத்தை நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் ஒரு பொம்மையின் படம். படம் அழகாக இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

கொசெத் எந்தப் பொறுமைக்கு எந்தப் பரிசை வாங்கினாள்? 1823 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, தான் உள்ளே உட்காரும் அளவு பெரிய வாளியோடு காட்டு ஊற்றுக்குத் தண்ணீருக்குத் துரத்தப்பட்ட எட்டு வயதுப் பெண் அவள். ரொட்டி வாங்கக் கொடுத்த 15 சூ நாணயம் ஊற்றில் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. மறுநாள் விடுதிக்காரன் தெனார்தியே 1,500 பிராங்க் வாங்கிக்கொண்டுதான் அவளை விட்டான். பிணைப்பணம் கொடுத்து மீட்டதை நல்ல காலம் பிறந்தது என்று எழுத உங்கள் பத்திரிகைக்குத்தான் மனசு வரும்.

ஹ்யூகோ அழ வைக்க மட்டும் எழுதியவர் அல்லர், கணக்கு எழுதியவர். தாய் ஃபாந்தீன் பிள்ளையை அந்த விடுதியில் விட்டபோது பேசியது மாதம் 7 பிராங்க். ஆறு மாத முன்பணம் 42, மேல்செலவுக்கு 15, ஆக 57. அவள் கையில் இருந்ததே 80. வருஷம் திரும்புவதற்குள் 7 என்பது 12 ஆகிறது, அப்புறம் 15. ஒரு பிள்ளை இருக்கிற சங்கதி தெரிந்து பட்டறையிலிருந்து அவளை நிறுத்திய பிறகு பட்டாளத்துச் சட்டை தைக்கிறாள். நாள் கூலி 12 சூ. ஒரு பிராங்குக்கு 20 சூ, ஆகவே மாதம் 15 பிராங்க் என்றால் நாளுக்கு 10 சூ மகளுக்கே போய்விடும். மிச்சம் 2 சூவில் அவள் சாப்பிட்டு, குளிர் காய்ந்து, வாடகையும் கட்ட வேண்டும்.

மகளுக்குக் கம்பளிப் பாவாடை வேண்டும் என்று கடிதம் வருகிறது. தலைமுடியை 10 பிராங்குக்கு விற்றுப் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். காசாக வரவில்லையே என்ற எரிச்சலில் தெனார்தியே வீட்டார் அதைத் தங்கள் மகளுக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்து, இல்லாத காய்ச்சலுக்கு மருந்துச் செலவு 40 பிராங்க். முன்பற்கள் இரண்டையும் பிடுங்கி விற்கிறாள். அதன் பிறகுதான் சிறைக் குத்தகைக்காரன் ஒருவன் கைதிகளை வைத்து மலிவாகத் தைக்க, வெளியில் கூலி 9 சூவுக்கு இறங்குகிறது. வேலை 17 மணி நேரம், கூலி 9 சூ, செலவு 10 சூ. அந்த நேரம் பார்த்து 100 பிராங்க் கேட்டுக் கடிதம் வந்ததும்தான் மிச்சத்தையும் விற்கத் துணிகிறாள்.

சட்டைத் தையல் தொடங்கி இதெல்லாம் முதற் பாகம், ஐந்தாம் புத்தகம், ஒன்பது, பத்தாம் அத்தியாயங்களில் இருக்கிறது. சிறுவர் பதிப்புக்குச் சுருக்குகிறவர்கள் முதலில் கத்தரிப்பது இவற்றைத்தான். மெழுகுவர்த்தித் தண்டு, பொம்மை, சாக்கடைப் பயணம் என்று படம் போடத் தோதான காட்சிகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் பணத்தை உருவிவிடுகிறார்கள். பணம் போனதும் தாயின் வீழ்ச்சிக்குக் காரணம் இல்லாமல் போகிறது. விதி என்றோ அவள் பேதைமை என்றோதான் படிக்கிறவன் நினைப்பான். அப்படிச் சுருக்கிய பிரதியை வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, அவள் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்பது. தட்டுமுட்டுச் சாமானைக் கடனுக்கு வாங்கியிருந்தாள், ஓடினால் திருடி என்று பிடித்துக் கொடுப்பேன் என்று கடைக்காரன் மிரட்டியிருந்தான். அந்த வரியும் கத்தரியில் போயிருக்கும். பக்கம் போதவில்லை என்றால் வாட்டர்லூ போர் 19 அத்தியாயம் இருக்கிறதே, தாராளமாக வெட்டலாம். ஒரு குழந்தையும் அழாது.

ஆலிவர் ட்விஸ்டுக்கும் உங்கள் மலரில் இதே கதிதான். இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டானாம், பாவமாம். ஏழைகளைப் பணிவிடுதிக்குள் தள்ளிய 1834 ஏழைகள் சட்டம் இங்கிலாந்தில் வந்து மூன்றாம் வருஷம் டிக்கன்ஸ் எழுதத் தொடங்கிய கதை அது. நாளுக்கு மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி என்று உணவுப் பட்டியலையே எடுத்து வைக்கிறார். அதற்கு முன் அவனை வளர்த்தவளுக்குத் தலைக்கு வாரம் ஏழரைப் பென்னி வந்தது, பெரும்பகுதியை அவளே விழுங்கினாள். எழுதியவரும் 12 வயதில், தந்தை கடனுக்குச் சிறையில் கிடக்க, வாரம் ஆறேழு ஷில்லிங்குக்குப் பூட்ஸ் பாலிஷ் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவர். நீங்கள் அதை வளமான கற்பனை என்கிறீர்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொசெத்தை மீட்ட நாயகனை ‘ஜீன் வல்ஜீன்’ என்று போட்டிருக்கிறீர்கள், அது யார்? பாண்டிச்சேரியில் அச்சாகும் பத்திரிகை ழான் வல்ழான் என்று எழுத வேண்டாமா? ழகரம் அந்த ஒலிக்குச் சரியாகப் பொருந்தாதுதான், ஆனாலும் இங்கே அப்படித்தானே எழுதிவருகிறோம். அதைவிட வருத்தம், ஹ்யூகோவின் இதே நாவலை வைத்து 1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தைக் குறிப்பிட்டவர், அதற்கு மூலமான தமிழாக்கத்தைச் செய்த சுத்தானந்த பாரதியாரை விட்டுவிட்டார். இதே ஊர் ஆசிரமத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். பெயர் போட ஒரு வரிகூட இல்லையா?

தமிழில் குழந்தைகளின் துயரத்தை யாரும் அவ்வளவாக எழுதவில்லை என்றும் போகிறபோக்கில் ஒரு வாக்கியம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதைச் சிறுவன் சிட்டியை விடுங்கள். லாஸ்பேட்டையில் வாழ்ந்து 2021 மே 17 அன்று மறைந்த கி.ரா.வின் ‘கதவு’ கதை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா நினைவுக்கு வரவில்லை? பிள்ளைகள் பஸ் விட்டு விளையாடி, தீப்பெட்டிப் படம் ஒட்டி வைத்த கதவு. தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டுக் குளிரில் கைக்குழந்தை போய்விடுகிறது. மற்ற இரண்டும் பின்னால் கறையான் ஏறிக் கிடக்கும் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு அழுகின்றன. அவர் மறைந்தபோது கரிசல் எழுத்தாளர் என்று தலைப்புப் போட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உங்கள் பக்கத்துத் தெருக்காரராக இருந்தவர் ஐயா.

புத்தகப் பக்கத்தைப் பாதியாக்கி நகைக்கடை விளம்பரம் போட்டதைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அது கிடக்கட்டும்.

கேட்பது இவ்வளவுதான்: சுத்தானந்த பாரதியார் பெயர் விடுபட்டதற்கு ஒரு திருத்தம். சுருக்கப் பதிப்பைப் பரிந்துரைக்கும்போது அது சுருக்கம் என்ற குறிப்பு, மொழிபெயர்த்தவர் பெயர். நாலு வரி வரும். ராசிபலனுக்குக் கீழே இடம் இருப்பதைப் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி - 3