தையல் பிரித்த பிறகு

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ராணி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு வரி போடு, இல்லாவிட்டால் என்னைத்தான் பிடுங்குவாள்.

வயிற்றுச் சதையை எடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாயாமே. சந்தோஷம்தான். ஆனால் ‘தையல் பிரித்ததும் பழையபடி ஓடியாடலாம், இல்லையா?’ என்று கேட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அப்படி இல்லை மாலதி.

எனக்கு இதே ஆபரேஷன் ஆனபோது, உள்ளே சேரும் நீரை வடிக்க வைத்திருந்த டிரெயின் குழாயை எடுத்துச் சில வாரம் ஆன பிறகு அடிவயிறு மறுபடி உப்பியது. கை வைத்தால் உள்ளே தண்ணீர் அலைவது தெரிந்தது. தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத்தானே கீழே இழுத்துத் தைக்கிறார்கள். அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. சிரோமா என்கிறார்கள். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வருகிற தொந்தரவு இது. ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள், மறுபடி கோத்தது, மறுபடி எடுத்தார்கள். கவனிக்காமல் விட்டால் நீரைச் சுற்றிப் பை மாதிரி ஒரு சவ்வு வளர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பையையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம். ‘வீக்கம்தானே, தானாக வடியும்’ என்று நம் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், யார் என்று உனக்கே தெரியும். சாதாரண வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும்தான். காலையில் குறைந்து சாயங்காலம் கூடும். திடீரென்று ஓர் இடம் மட்டும் உப்பினால், அல்லது சிவந்து காய்ச்சலும் வந்தால், யார் பேச்சையும் கேட்காமல் டாக்டரிடம் போ.

தொப்புளுக்குக் கீழே மரத்துப்போயிருக்கும். நரம்பு மெல்லத்தான் தளிர்க்கும், சிலருக்கு ஓரிடத்தில் உணர்ச்சி திரும்பாமலே போவதும் உண்டு. வலிக்கு வெந்நீர்ப் பை வைக்கிற பழக்கம் உனக்கு உண்டே, அங்கே மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோனாலும் தெரியாது.

தழும்பு முதலில் சிவந்து தடித்துத்தான் இருக்கும், வெளிற ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். ஆனால் காது குத்தியபோது உனக்குக் கட்டி மாதிரி வளர்ந்ததே, அதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடு. அப்படித் தழும்பு கட்டியாக வளர்வதைக் கீலாய்டு என்பார்கள். அது வருகிற உடம்பு என்றால் அவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சிகரெட் விஷயத்தில் உன்னிடம் கெஞ்சுகிறேன். நிறுத்திவிடு, டாக்டர் எத்தனை வாரம் முன்னால் சொல்கிறாரோ அதற்கும் முன்னாலேயே. புகையால் ரத்த ஓட்டம் குறைந்தால் தையல் ஓரத்துத் தோலே கறுத்துச் செத்துப்போகலாம். ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ராத்திரி என்று பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பார்கள், முரண்டு பிடிக்காதே.

பணம் கட்டும் முன் டாக்டரிடம் கேள்: நீர் கோத்தால் யார் எடுப்பார்கள், எத்தனை மாதம் வரை பார்ப்பார்கள், தழும்பைத் திருத்த வேண்டி வந்தால் தனிக் கட்டணமா? என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. தேதியையும் எழுது. முதல் சில நாள் நிமிர்ந்து நடக்கவே வராது, நான் வந்து உன்னோடு இருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா