தோள் இறங்கிய பையன்

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் படித்தேன். மெல்பர்ன் வெயில், நைட் டூட்டி, சின்னவளுக்குப் பல் விழுந்தது எல்லாம். இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, மற்றபடி அதே கேஷுவாலிட்டிதான்.

பொங்கல் வந்தால் கபடி, கபடி என்றால் தோள் மூட்டு நழுவி இறங்கிய பையன்கள், உனக்குத் தெரியாததா. போன வாரம் ஒருவன் வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தான், தோளின் உருண்டை தட்டையாகிக் கிடந்தது. வயிறு நிறையப் பரோட்டா, மயக்கம் கொடுக்கவும் யோசனை, மயக்க டாக்டரோ சிசேரியனில். உங்கள் ஊரில் வலி மருந்து அடைத்த அந்தப் பச்சை விசிலைக் கொடுத்து உறிஞ்சச் சொல்வீர்கள், எங்களிடம் அது ஏது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, முன்பக்கமாகத்தான் நழுவியிருக்கிறது. தோளின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சியும் இருந்தது, நரம்புக்கு அடி இல்லை. சரி, இழுக்காமல் தசையைப் பிசைந்தே மூட்டை ஏற்றும் உங்கள் நாட்டு கன்னிங்ஹாம் முறைதான் என்று நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கையை உடம்போடு ஒட்டி முழங்கையை மடக்கி, அவன் உள்ளங்கையை என் தோள்மேல் வைத்துக்கொண்டேன். "நெஞ்சை நிமிர்த்துப்பா, தோளைப் பின்னால் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே கழுத்தோரம், தோள், புஜம் என்று மாறி மாறிப் பிசைந்தேன். கடைசி ரெய்டைப் பற்றி அவன் பேசிக்கொண்டே இருந்தான், புஜத்துத் தசை என் விரலுக்குக் கீழே தளர்வது தெரிந்தது, ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டை திரும்பிவிட்டது. அவனுக்கே தெரியவில்லை!

ஹவுஸ் சர்ஜனாக நாம் எப்படிச் செய்தோம்? ஒருவர் மார்பில் போர்வையைச் சுற்றி ஒரு பக்கம் இழுக்க, இன்னொருவர் கையைப் பிடித்து மறுபக்கம் இழுப்பார். வலித்தால் தசை இறுகும், இறுகினால் மூட்டு ஏறாது, இன்னும் இழுப்போம். இப்போது ஜூனியர்கள் "ஊசியே போடாமல் ஏற்றினேன்" என்று மார்தட்டும்போது எரிச்சல் வருகிறது. நோயாளி கத்தினானா என்று கேட்டால் பதில் இல்லை. வலிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும், மரத்துப்போக 1 சதவீத லிக்னோகெய்ன் ஊசி 20 மில்லி மூட்டுக்குள் போட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கலாம், அதற்கும் அசையாவிட்டால் மயக்க டாக்டர் வரட்டும். ஜிம் உடம்புக்காரர்களிடம் கன்னிங்ஹாம் எனக்குப் பாதி நேரம் பலிப்பதில்லை.

நீ ஃபேர்ஸ் முறையில் தோளை ஏற்றுகிறாயா? படுக்கவைத்து மெதுவாக இழுத்தபடி, மேலும் கீழும் சின்னதாக ஆட்டிக்கொண்டே கையை விரித்துக்கொண்டு போவார்களே, அது. எங்கள் கட்டில் சுவரோரம், கையை விரிக்க இடமில்லை, அட்டெண்டரிடம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். எத்தனை வேகத்தில் ஆட்டுகிறாய் என்று எழுது, அப்புறம் டிக்கெட் எப்போது போடுகிறாய் என்பதையும்.

உன்,
ரவி