மூடுபனிக்குள் ஒரு தகரச் சத்தம்

அன்பு மகளுக்கு,

நீ எழுதும் டிராகன் கதையில் எனக்கு அனுப்பிய நான்கு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். ஒரே மூச்சில் படித்தேன் என்று சொன்னால் பொய். முதல் இரண்டும் ஒரே இரவில் போயின. மூன்றாவதில் எரிச்சல் வந்து இரண்டு நாள் மூடி வைத்தேன். நான்காவதை இன்று விடியற்காலையில் முடித்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே மடக்கிவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். "பனி சூழ்ந்த தீவு" என்று ஆரம்பித்திருக்கிறாய். புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், மலையுச்சியில் வெள்ளையாகக் கிடப்பதும் பனிதான், கண்ணை மறைப்பதும் பனிதான். உன் நாயகி ஏன் கம்பளி இல்லாமல் திரிகிறாள் என்று இரண்டு பக்கம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். மூடுபனி என்று எழுதிவிடு. டிராகனை டிராகன் என்றே விட்டது நல்லது. யாளி என்று மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. யாளி தூணில் நிற்கிற பிராணி. அது பாட்டுக்கு நிற்கட்டும்.

எரிச்சல் எதற்கு என்றால், உன் மூடுபனி உனக்கு வேலைக்காரனாக இருக்கிறது. எதிரி வரும்போது வருகிறது, நாயகி எதையாவது பார்க்க வேண்டும் என்றால் மரியாதையாக விலகிக்கொள்கிறது. நாடகத் திரையை இழுக்கிற மாதிரி இழுக்கிறாய். இத்தனை வருடம் கப்பலில் இருந்த அப்பாவிடம் அதைக் காட்டினால் சும்மா இருப்பேனா?

கடல்மேல் மூடுபனி எப்படி வருகிறது என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பாய். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த தண்ணீர்மேல் நகர்ந்து வரும்போது, அடியிலிருந்து குளிர்ந்து, தாங்கிக்கொண்டிருந்த ஈரத்தைப் பொடித் துளிகளாக விட்டுவிடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தென்கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ் கடலில் வடக்கிலிருந்து லாப்ரடார் குளிர்நீரோட்டம் இறங்குகிறது, தெற்கிலிருந்து வளைகுடா நீரோட்டம் ஏறுகிறது. இரண்டும் முட்டிக்கொள்கிற இடம் அது. அந்தத் தீவின் கரையோரத்தில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மூடுபனி விழுகிற இடமும் உண்டு. 1 கிலோமீட்டருக்குள் பார்வை சுருங்கினாலே வானிலைக் கணக்கில் அது மூடுபனி. அங்கே எங்கள் கப்பலின் முன்முனையே பிரிட்ஜிலிருந்து, அதாவது கப்பலைச் செலுத்துகிற மேல்தளத்திலிருந்து, எங்களுக்குத் தெரியாது. காற்றடித்தால் கலைந்துவிடும் என்று நினைப்பாய். தரையில் தேங்கும் மூடுபனிக்கு அது சரி. கடலில் நல்ல காற்றிலும் அது அப்படியே நகர்ந்து வந்துகொண்டிருக்கும்.

ஆகவே உன் தீவைச் சுற்றி ஒரு குளிர்நீரோட்டத்தை ஓடவிடு. அதன் பிறகு உனக்கு ஒரு புதையல் கிடைக்கிறது, பார். மூடுபனிக்கு ஆகாதது சூடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் ஓடுதளத்தின் இரு பக்கமும் குழாய் பதித்துப் பெட்ரோலை எரித்தே மூடுபனியை விலக்கி விமானங்களை இறக்கினார்கள். ஃபைடோ என்று பெயர். சுமார் 2,500 விமானங்கள் அப்படித் தரை இறங்கின என்பார்கள். இதை உன் தீவில் வைத்துப் பார். ஊர் முழுக்க மூடுபனி. இடிந்த கோட்டைக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக வானம் தெரிகிறது, இரவானால் நட்சத்திரம் தெரிகிறது. அடியில் என்ன கிடக்கிறது என்று நீ சொல்லவே வேண்டாம். நான்காம் அத்தியாயத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு கிழவர் உட்கார்ந்து பழங்கதை சொல்கிறாரே, அவரை அனுப்பிவிடலாம்.

அடுத்தது, படிக்கட்டு. டிராகன்கள் கட்டிய நகரம் என்கிறாய், அதில் முந்நூறு படி ஏறுகிறாள் உன் பெண். இறக்கை உள்ளதற்கு எதற்குப் படி? நடுவில் தேய்ந்திருந்தது என்று வேறு எழுதியிருக்கிறாய். கவனித்து எழுதினாயா, கை போன போக்கில் எழுதினாயா தெரியவில்லை, ஆனால் உன் நான்கு அத்தியாயத்திலும் எனக்குப் பிடித்த வரி அதுதான். அந்தக் கல்லைத் தேய்த்த கால்கள் யாருடையவை? மேலே சுமந்துகொண்டு போனது என்ன?

இப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. மைக்ரோனேசியாவில் பொன்பே தீவை ஒட்டி, பவளத் திட்டின்மேல் "நான் மடோல்" என்ற பாழ்நகரம். கடலுக்குள் 90க்கு மேற்பட்ட சிறு தீவுகளை மனிதர்களே கட்டி, இடையில் கால்வாய் விட்டிருக்கிறார்கள். கரும்பாறைத் தூண்களை விறகு அடுக்குகிற மாதிரி ஒரு வரிசை நெடுக்காகவும் ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கிய சுவர்கள். பெருங்கற்களை ஏற்றிக் கட்டியது 1180 வாக்கில் என்று கணிக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், மந்திரம் தெரிந்த இரட்டையர் இருவர் வந்து, பறக்கும் டிராகன் ஒன்றின் துணையோடு கற்களை மிதக்கவிட்டுக் கட்டினார்கள் என்பார்கள். எனக்கு அந்தக் கதையைவிட இன்னொரு விஷயம்தான் மனதில் தங்கிவிட்டது. அந்த நகரத்துக்குள் குடிதண்ணீரும் கிடையாது, விளைநிலமும் கிடையாது. அத்தனையும் பெரிய தீவிலிருந்து படகில் வர வேண்டும். அரசாண்டவர்களின் பெயர் நிற்கிறது, சௌதெலூர் வம்சம் என்று. தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்குப் பெயர் இல்லை. கல்லை டிராகன் தூக்கியது என்று சொல்லிவிட்டால் தூக்கிய முதுகுகளை யாரும் எண்ண வேண்டியதில்லை, இல்லையா? உன் முந்நூறு படியில் அவர்களை ஏற்று.

தண்ணீருக்கு வழி கேட்டால் மூடுபனியே இருக்கிறது. கேனரித் தீவுகளில் எல் இயெரோ என்ற தீவில் கரோயே என்று ஒரு மரம் இருந்தது. மூடுபனி அதன் இலைகளில் படிந்து சொட்டச் சொட்ட, அடியில் குழி வெட்டிச் சேர்த்துக் குடித்தார்கள். 1610இல் புயலில் விழுந்துவிட்டது.

கல்வெட்டு அறையையும் மாற்றிவிடு. கதவைத் திறந்ததும் டிராகன்களின் வரலாறு முழுக்கச் சுவரில் வரிசையாக எழுதியிருக்கிறது, அவளும் கடகடவென்று படிக்கிறாள். யாருக்கு அப்படி வாய்த்திருக்கிறது? சீன மருந்துக் கடைகளில் டிராகன் எலும்பு என்று ஒன்றை அரைத்து விற்பார்கள். மண்ணிலிருந்து தோண்டிய பழைய எலும்புகள்தான். 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் அதில் சில துண்டுகளில் இருந்த கீறல்களை எழுத்து என்று கண்டுகொண்டார். 3,000 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் குறி கேட்ட எலும்புகள் அவை, மாட்டு எலும்பும் ஆமை ஓடும். அதற்குமுன் எத்தனை வரி கஷாயமாகிக் காய்ச்சல்காரர்களின் வயிற்றுக்குள் போனதோ! உன் தீவிலும் எழுத்துள்ள எலும்பைப் பாதி குடித்துத் தீர்த்திருக்கட்டும். மீதிப் பாதியை வைத்து அவள் திண்டாடட்டும்.

சரி. இவ்வளவும் சுற்றி வளைத்தது ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

அயர்லாந்துக்கு மேற்கே பிரசில் என்று ஒரு தீவை 1325 வாக்கிலிருந்து வரைபடங்களில் போட்டுக்கொண்டே வந்தார்கள். மூடுபனிக்குள் மறைந்திருக்கும், ஏழு ஆண்டுக்கு ஒரு நாள் கண்ணில் படும் என்பது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அது வரைபடத்தில் கிடந்தது. அப்படி ஒரு தீவே இல்லை. முதல் ஆள் ஏன் அதை வரைந்தான் என்று யோசிப்பேன். என் விஷயத்தில் எனக்குக் காரணம் தெரியும்.

உனக்கு ஐந்து வயது. ஒன்பது மாதம் கழித்து சைன் ஆஃப் ஆகி, கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீ என்னிடம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கண் மட்டும் தெரிகிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அரைநாள் ஆயிற்று. பேச்சுக்கு மூடுபனியைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்தபடியே, "அதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றாய். டிராகன் தீவு இருந்தது என்றேன். இடிந்த அரண்மனை, உள்ளே டிராகன் மூச்சு விடுகிற சத்தம். பெரிய மூச்சு, ரொம்ப நேரம் நிசப்தம், மறுபடி ஒரு பெரிய மூச்சு. கதவை விட்டு வந்து என் மடியில் ஏறிக்கொண்டாய். அந்த மூச்சு எங்கள் கப்பலின் ஹாரன். 2 நிமிடத்துக்குள் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும் என்பது விதி.

முதல் அத்தியாயத்தில் அந்த மூச்சை அப்படியே எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிராண்ட் பேங்க்ஸ் தாண்டிக் கரையை நெருங்குகிற இரவு. நான் முன்முனையில் லுக்அவுட். அந்த நேரத்தில் கண்ணால் ஒரு பயனும் கிடையாது, இரண்டு ஊதலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்போது ஒரு தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னப் படகில் மணி இருக்காது, கையில் கிடைத்ததைத் தட்டுவார்கள். முதலில் வலப்பக்கம் கேட்டது. பிறகு நேர் எதிரே. மூடுபனிக்குள் சத்தம் திசையைப் பற்றிப் பொய் சொல்லும். நான் பிரிட்ஜுக்குச் சொன்னேன், கேப்டன் இன்ஜினை நிறுத்தி இரண்டு நீண்ட ஊதல் கொடுத்தார். ரேடாரில் ஒன்றும் இல்லை. சிறிய மரப்படகு அலைகளுக்கிடையே ரேடாரில் சிக்காமல் போவது சகஜம். தகரம் இன்னும் ஏழெட்டுத் தடவை கேட்டது, அவசரமே இல்லாமல், ஒரே சீராக. பிறகு நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கூப்பிட்டுப் பார்த்தோம். விடிந்து சற்று விலகியபோது வெறும் கடல். லாக் புக்கில் இரண்டு வரி எழுதிவிட்டுக் கிளம்பினோம். படகு வேறு பக்கம் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஐந்து வயதுக் குழந்தையிடம் இதையா சொல்வது? டிராகனைச் சொன்னேன்.

உன் நான்காம் அத்தியாயக் கடைசியில் அவள் தனியாகப் படகில் தீவை நோக்கித் துழாவிப் போகிறாளே, அங்கே அவள் கையில் ஒரு தகரத்தைக் கொடு. தட்டட்டும். அருகில் எங்கேயோ ஒரு பெரிய கப்பல் இன்ஜினை நிறுத்திவிட்டு அவளுக்காகவே நின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். எப்போது, ஏன் தட்டுவதை நிறுத்துகிறாள் என்பதை நீ எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயத்தைச் சீக்கிரம் அனுப்பு.

அப்பா