லாம்டா ஏன் அரையைத் தாண்டக் கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானிலைக் கணிப்புக்காக நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டங்களின் இடைவெளி 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைந்ததைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சூப்பர் கம்ப்யூட்டரின் வேகத்தை விரிவாக எழுதியிருந்தீர்கள். அதற்குள் ஓடும் கணக்கு சரியான விடையை நோக்கித்தான் போகிறது என்று எதை வைத்து நம்புகிறோம்? அந்த நம்பிக்கைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கணிதப் பேராசிரியர் பீட்டர் லாக்ஸ், 2025 மே 16 அன்று நியூயார்க்கில் 99 வயதில் காலமானார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் (சமன்பாடுகளுக்கு எண்களால் தோராய விடை காணும் பாடம்) நடத்தியவள் நான். கம்பியில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் வெப்பச் சமன்பாட்டுக்கு, கம்பியைப் புள்ளிகளாகப் பிரித்து படிப்படியாக விடை காண்பது பெண்டர்-ஷ்மிட் முறை. அதில் ஒரு படியின் கால அளவையும் புள்ளிகளின் இடைவெளியையும் இணைக்கும் எண்தான் லாம்டா; அதை அரை என்று வைத்துக்கொள்ளச் சொல்வோம். "ஒன்று என்று வைத்தால் என்ன மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லாமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். மனம் கேட்கவில்லை. அன்றிரவே கட்டம் போட்ட நோட்டில் செய்து பார்த்தேன். நீண்ட கம்பியின் நடுப்புள்ளியில் மட்டும் 1 டிகிரி, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். படிப்படியாக நடுப்புள்ளியில் வந்த விடைகள்: 1, -1, 3, -7, 19. ஆற வேண்டிய கம்பி கொதிக்கிறது! லாம்டாவைக் கால் என்று வைத்தால் 1, 1/2, 3/8, 5/16 என்று ஒழுங்காக ஆறுகிறது. மறுநாள் வகுப்பில் அந்த நோட்டைத்தான் சுற்றுக்கு விட்டேன்.

இந்த ஆபத்தை கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் கணினி வருவதற்கு முன்பே, 1928-இல், அலைச் சமன்பாட்டில் கண்டார்கள். 1956-இல் லாக்ஸும் ரிக்ட்மயரும் பொதுவாகவே நிறுவினார்கள்: முறையாக அமைந்த நேரியல் கணக்கில், சமன்பாட்டோடு ஒத்துப்போகிற ஒரு முறை, பிழை கட்டுமீறிப் பெருகாமல் இருந்தால், கட்டங்கள் சிறுக்கச் சிறுக்க உண்மை விடையைச் சேரும், பெருகினால் சேராது. புடாபெஸ்டில் பிறந்த யூதச் சிறுவனாக 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் லாக்ஸ். நியூயார்க்கின் கூரன்ட் கணிதக் கழகத்தில் நம் சென்னையில் பிறந்த கணிதவியலாளர் வரதனும் அவருடைய சக பேராசிரியராக இருந்தார். கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு லாக்ஸுக்கு 2005-இல், வரதனுக்கு 2007-இல்.

பாடத்திட்டம் வகுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். 'லாம்டா 1 எனக் கொண்டு நான்கு படிகள் செய்க. விடை ஏன் பொருந்தவில்லை?' என்று ஒரு கேள்வியாவது தேர்வில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை,
கும்பகோணம்.