ஒப்படைப் புள்ளியும் பரீட்சைப் புள்ளியும்: பொறியியல் விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் என் வீட்டு விறாந்தையில் கூடிப் படிப்பார்கள். ஒப்படை, செய்முறை, இடைத்தவணைத் தேர்வு சேர்ந்த தொடர் மதிப்பீட்டில் 80க்கு மேல் எடுத்த பிள்ளை இறுதிப் பரீட்சையில் 40ஐத் தொடாமல் வந்து நிற்கும். "ஒப்படையைப் பார்த்தெழுதியிருப்பான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு இருந்து பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

நீரோட்டத்தின் குறுக்கே வைத்த தகட்டிலுள்ள முக்கோண வெட்டின் மேலால் பாயும் நீரை அளக்கும் செய்முறையை எடுங்கள். பாயும் அளவு, நீர்மட்ட உயரத்தின் 5/2 அடுக்குக்கு விகிதசமம். உயரத்தை 10% கூட்டி அளந்தால் கணக்கில் வரும் பாய்ச்சல் ஏறத்தாழ 27% கூடிவிடும். வெட்டுக்குக் கிட்ட நீர்மட்டம் சரிந்துவிடுவதால் நீர் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளித்தான் அளக்கவேண்டும். இது கைபழகி வரும் அறிவு. பரீட்சைத் தாளோ அதே சமன்பாட்டை நிறுவச் சொல்கிறது. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதில் தடுமாறலாம். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கிற நாளில் கீழே இருக்கும் எங்களுக்கு இரண்டும் தெரிந்த பொறியியலாளர் வேண்டும்.

இடைத்தவணைத் தேர்வுப் புள்ளி பெரும்பாலும் இறுதிப் பரீட்சைப் புள்ளியோடு ஒத்துப்போகும். இரண்டும் தனியே இருந்து, நேரம் பார்த்து எழுதுவது. குழு அறிக்கை அப்படியல்ல. ஒருவர் அளக்க, ஆங்கிலம் வசப்பட்ட இன்னொருவர் எழுத, எல்லாருக்கும் ஒரே புள்ளி. உயர்தரம்வரை தமிழில் படித்த வன்னிப் பிள்ளை ஆங்கில வினாவோடு முதன்முதலாகத் தனித்து நிற்பது பரீட்சை மண்டபத்தில்தான். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்தப் புள்ளிகளின் தொடர்பை ஆய்வு செய்வோருக்கும் ஒன்று. எல்லா ஒப்படைக்கும் 80க்கும் 90க்கும் இடையில் புள்ளி போட்டுவிட்டுப் பரீட்சையோடு தொடர்பு தேடினால் அது சரியாகத் தெரியவராது. ஒப்படையும் சேர்ந்த மொத்தப் புள்ளியோடு ஒப்படையை ஒப்பிட்டால் இல்லாத தொடர்பும் இருப்பதாகத் தோன்றும்.

தயவுசெய்து ஒப்படை, செய்முறை, இடைத்தவணைப் புள்ளிகளைப் பிரித்து, பரீட்சைப் புள்ளியோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழு அறிக்கை வந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடமாவது தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். திருத்திய அறிக்கையைப் பரீட்சைக்குப் படிக்கும் விடுமுறைக்கு முன்னரே திருப்பிக் கொடுங்கள். எங்கே பிழைத்தோம் என்று பார்க்க அவர்களுக்கு அந்த விடுமுறை போதும்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பொறியியலாளர்