மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதும் சென்னைத் தெருக்களில் புகை மருந்து அடிப்பதும், மலேரியாவை ஒழிக்கச் சாக்கடையைத் தூர்வாருங்கள் என்று கோரிக்கை எழுவதும் வழக்கமாகிவிட்டன. தூர்வார வேண்டியதுதான், ஆனால் அங்கே பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. இந்நகரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசுவோ, சரியாக மூடப்படாத மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும் அந்தப் புகை மொட்டைமாடித் தொட்டிக்குள் நெளியும் புழுக்களை ஒன்றும் செய்வதில்லை.

குழாயில் நீர் சீராக வராத பகுதிகளில் மக்கள் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்களைக் குறைகூறுமுன் குடிநீர் வழங்கும் முறையைச் சீர்செய்வதே நியாயம்.

இதைவிடக் கவலை தருவது கட்டுமான இடங்கள். மின்தூக்கிக் குழியிலும் அடித்தளத்திலும் வாரக்கணக்கில் நீர் தேங்குகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதையொட்டிய தகரக் கொட்டகைகளில், கொசுவலைகூட இன்றித் தொழிலாளர்கள் உறங்குகிறார்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலாகத் திரும்பக்கூடியது என்பதால் அதற்கு 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தரப்படுகிறது. ஆனால் அந்த நாள்கள் முடியுமுன்பே வேறு கட்டுமானத்துக்கு அனுப்பப்படும் தொழிலாளி அதை முழுமையாக உட்கொள்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது? வெளிமாநிலத்தவர் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களைக் கடிக்கும் கொசு இங்கே வளர்ந்ததுதான்.

2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்ட இலங்கையில், சில மாதங்களுக்குள்ளேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் இதே ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. நோயை ஒழித்த நாடுகூடக் கிணற்றைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

கொசு பெருக இடமளிப்போர் மீது நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே வழிசெய்கிறது. வீட்டுப் பூந்தொட்டிகளைச் சோதிக்கும் அதே கண்டிப்பைப் பெரிய கட்டுமான நிறுவனங்களிடமும் மாநகராட்சி காட்ட வேண்டும். வாரந்தோறும் தேங்குநீர் அகற்றப்பட்டதற்கான பதிவும் தொழிலாளர்களுக்கான இரத்தப் பரிசோதனையும் இல்லாத கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று வழங்கக் கூடாது என விதி வகுக்குமாறு, தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடசென்னை வாசகர் ஒருவர்